மக்ஸன் முதல் மேகசின் வரை

கல்லூரி வாழ்வில் நாள்தோறும் நம் செவியில் விழும் ஆங்கிலச் சொற்களுள் 'மேகசின்' என்பதும் ஒன்று. ஆண்டு மலருக்குப் படைப்புக் கேட்டு வரும் மாணவர், "ஐயா, காலேஜ் மேகசினுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள்" என்கிறார். நூலகத்தில் வார, மாத இதழ்கள் அடுக்கப்பட்டிருக்கும் பகுதிக்கும் அப்பெயரே வழங்குகிறது. அதே மாணவர் தேசிய மாணவர் படையில் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சிக்குச் சென்றால், தோட்டாக்களை அடைத்துவைக்கும் சிறு பெட்டியையும் பயிற்றுநர் மேகசின் என்று அழைக்கக் கேட்கிறார். பாறை உடைக்கும் குவாரிகளில் வெடிமருந்தைக் காத்துவைக்கும் தனிக்கட்டடம் மேகசின். பிலிம் சுருளில் படமெடுத்த காலத்தில் அச்சுருளை ஒளிபடாமல் ஒளிப்படக்கருவியில் பொருத்திய பெட்டியும் மேகசின். படிக்கும் இதழுக்கும் சுடும் துப்பாக்கிக்கும் ஒரே பெயர் அமைந்தது எவ்வாறு?

இவ்வினாவுக்குரிய விடை அரபு மொழியில் தொடங்குகிறது. இதனைச் சொன்னவுடன் நம்மவர் சிலர் முகத்தில் மகிழ்ச்சியும், வேறு சிலர் முகத்தில் ஐயமும் தோன்றுவதைக் காண்கிறேன். இரண்டிற்கும் காரணம் உண்டு. மீலாது மேடைகளிலும் கல்வி விழாக்களிலும் ஆங்கிலத்தில் கலந்துள்ள அரபுச் சொற்களின் பட்டியலை ஒரே மூச்சில் வாசித்துவிடும் பேச்சாளர்களை நாம் அறிவோம். அப்பட்டியலில் பத்துச் சொற்கள் உண்மையானவையாக இருக்கும்; இரண்டு மூன்று, ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு சேர்த்தவையாக இருக்கும். கேட்டிருப்போருள் ஒருவர் அந்த இரண்டு மூன்றையும் தவறென்று மெய்ப்பித்துவிட்டால், எஞ்சிய பத்தும் நம்பிக்கை இழந்துவிடுகின்றன. நம் தமிழ் மேடைகளிலும் இக்குறை உண்டு. உலக மொழிகள் அனைத்தின் சொற்களையும் தமிழிலிருந்தே வருவித்துக் காட்டுவார் உளர். பெருமை பேசுவதில் பிழையில்லை. ஆனால் சான்று முன்னே செல்ல, பெருமை அதன் பின்னே வருதல் வேண்டும்.

சொல்லாராய்ச்சியில் ஒலி ஒத்திருத்தல் மட்டும் போதாது. ஒரு சொல் முதன்முதலில் எந்த ஆவணத்தில், எந்த ஆண்டில், எந்த எழுத்தமைப்பில் காணப்படுகிறது என்பது தெரிய வேண்டும். ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு அது சென்ற வழியும், அவ்வழியில் மக்கள் உண்மையாகவே பழகினார்கள் என்பதும் புலப்பட வேண்டும். இடையில் நின்ற வடிவங்கள் கிடைக்க வேண்டும். பொருள் மாறியிருப்பின் அம்மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது விளங்க வேண்டும்.

செய்தி என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லான 'நியூஸ்' என்பதை இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டலாம். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளுக்குரிய ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து அச்சொல் பிறந்தது என்று வினாடி வினாப் போட்டிகளில் விடை கூறிப் பரிசு பெற்ற மாணவர்கள் பலர். கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் 'புதிய' என்னும் பொருள் தரும் 'நியூ' என்ற சொல்லின் பன்மை வடிவமே அது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே 'புதியன' என்ற பொருளில் வழங்கத் தொடங்கிவிட்டது. பழைய ஏடுகளில் அது பெரும்பாலும் ஐந்தெழுத்துச் சொல்லாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஐந்தாவது எழுத்துக்கு ஒரு திசையை எங்கே தேடுவது?

'கேஷ்' என்ற சொல் இன்னும் நுட்பமானது. தமிழ்க் 'காசு'தான் ஆங்கிலத்தில் கேஷ் ஆயிற்று என்போர் கூற்றில் பாதி உண்மை. கீழை நாடுகளில் வழங்கிய சிறு நாணயத்தைக் குறித்த 'கேஷ்', நம் காசிலிருந்து போர்த்துக்கீசியர் வாயிலாக ஆங்கிலத்திற்குச் சென்றதே. ஆனால் ரொக்கப்பணம் என்னும் பொருளில் இன்று உலகெங்கும் வழங்கும் 'கேஷ்', பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்று இத்தாலி, பிரெஞ்சு மொழிகளின் வழியே வந்தது. பணப்பெட்டியின் பெயர் பணத்திற்கு ஆகியது. இருவேறு சொற்கள் ஓருருவம் பெற்றுவிட்டன. இத்தகைய சிக்கல்கள் உள்ள துறையில், எல்லாத் தேர்விலும் வெற்றிபெறும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு நோக்குவது பயனுடையது. மேகசின் அத்தகையது.

வேர்ச்சொல்லும் அதன் கிளைகளும்

அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகளை வேராகக் கொண்டவை. கா, ஸாய், நூன் ஆகிய மூன்றும் சேர்ந்த வேருக்குச் சேமித்துவைத்தல், பாதுகாத்தல் என்பது பொருள். 'கஸன' என்றால் அவன் சேமித்தான். சேமித்துக் காப்பவன் 'காஸின்'. சேமிக்கும் இடம் 'மக்ஸன்'.

இறுதியாகச் சொன்ன வடிவத்தை இலக்கண மாணவர்கள் உற்று நோக்க வேண்டும். வேரின் முன் 'ம' என்னும் ஒலியைச் சேர்த்தால் அச்செயல் நிகழும் இடத்தின் பெயர் அமைவது அரபு இலக்கண மரபு. இம்மரபு நமக்குப் புதிதன்று. ஸுஜூது செய்யுமிடம் மஸ்ஜித்; பாடம் பயிலுமிடம் மதரஸா; அமர்ந்திருக்குமிடம் மஜ்லிஸ்; எழுதக் கற்குமிடம் மக்தப்; கப்ருகள் உள்ள இடம் மக்பரா. தெருவில் நாள்தோறும் பத்துமுறை சொல்லும் இச்சொற்களுள் ஓர் இலக்கண விதி ஒளிந்திருப்பதை நாம் கருதிப்பார்ப்பதில்லை. தமிழில் அகம், இல், சாலை ஆகியவை சொல்லின் பின்னே சேர்ந்து நூலகம், பணிமனைச் சாலை என்றாற்போல இடத்தைச் சுட்டும். அரபியில் இடம் முன்னே நின்று வரவேற்கிறது. அந்த 'ம' தான் 'மேகசின்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாக இன்றும் நின்றுகொண்டிருக்கிறது.

இவ்வேரின் மற்றொரு கிளை திருக்குர்ஆனில் பல இடங்களில் பயில்கிறது. 12ஆம் அத்தியாயமாகிய சூரா யூஸுஃபில், எகிப்து மன்னரிடம் நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்குமாறு யூஸுஃப் நபி (அலை) அவர்கள் கேட்கும் இடத்தில் வரும் 'கஸாயின்' என்னும் பன்மைச் சொல் இவ்வேரினதே. ஏழாண்டு விளைச்சலைச் சேமித்து அடுத்த ஏழாண்டுப் பஞ்சத்தை எதிர்கொண்ட வரலாறு அது. ஆகவே கஸாயின் என்னும்போது பொன்னும் மணியும் குவிந்த அறையை மட்டும் எண்ணுதல் கூடாது. நெல்லும் கோதுமையும் குவிந்த பண்டகசாலையும் அதுவே. புதையலைக் குறிக்கும் 'கன்ஸ்' என்னும் சொல்லை இதனோடு குழப்பிக்கொள்வாரும் உண்டு. தமிழில் எழுதும்போது ஒன்றுபோலத் தோன்றினாலும் அதன் முதலெழுத்து 'காஃப்'. நூன் நடுவில் நிற்பது. வேர் வேறு.

இதே வேரில் பிறந்த 'கிஸானா' என்ற சொல் பாரசீகம், உருது வழியாகத் தமிழகத்திற்கும் வந்தது. நவாபு ஆட்சியிலும் பின்னர்க் கும்பெனி ஆட்சியிலும் வருவாய்த்துறையின் மொழியில் அது 'கஜானா' ஆயிற்று. கஜானாவைப் பொறுப்பேற்றிருப்பவர் 'கஜாஞ்சி' ஆனார். இறுதியிலுள்ள 'சி' துருக்கி மொழி ஈறு. 'கஜானா காலி' என்று நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் அரசியல் பேசுவோர் சொல்கிறார்களே, அத்தொடரின் இரு சொற்களும் அரபியே. 'காலி' என்பதும் 'கா' எழுத்தில் தொடங்கும் அரபுச் சொல்தான். அரசாணையில் 'கருவூலம்' என்ற தூய தமிழ்ச்சொல் அமர்ந்துவிட்டது. ஆயினும் மக்கள் வாயினின்று கஜானா இன்னும் இறங்கவில்லை. மேகசினும் கஜானாவும் உடன்பிறந்த சொற்கள். ஒன்று மேற்கே சென்று உலகைச் சுற்றி நம்மிடம் வந்தது. மற்றொன்று கிழக்கு நோக்கி நேரே வந்தது.

நடுநிலக்கடலைக் கடந்த வழி

ஜெனோவா, பைசா, வெனிஸ், மார்செய் ஆகிய துறைமுகங்களின் வணிகர்கள் இடைக்காலத்தில் அலெக்ஸாந்திரியா, தூனிஸ் முதலிய அரபுத் துறைமுகங்களில் தங்கி வாணிகம் செய்தனர். அவர்கள் தங்குவதற்கும் சரக்குகளை வைப்பதற்கும் உரிய கட்டடம் 'ஃபுந்துக்' எனப்பட்டது. இன்றைய அரபியில் தங்கும் விடுதிக்கு அதுவே பெயர். அதனை இத்தாலியர் 'ஃபொந்தாக்கோ' ஆக்கிக்கொண்டு தம் ஊரிலும் கட்டினர்; வெனிஸ் நகரத்தில் ரியால்த்தோ பாலத்தருகே ஜெர்மானிய வணிகர்க்கென அமைந்த ஃபொந்தாக்கோ இன்றும் நிற்கிறது. சுங்கச்சாவடிக்கு 'திவான்' என்ற சொல் சென்று இத்தாலியில் 'தொகானா' ஆயிற்று, பிரெஞ்சில் 'துவான்' ஆயிற்று. கட்டண அறிவிப்பாகிய 'தஃரீஃப்' என்பதே இன்று மின்வாரியம் முதல் தொலைபேசி நிறுவனம் வரை அனைவரும் சொல்லும் 'டாரிஃப்'. கப்பல் கட்டும் தொழிற்கூடமாகிய 'தாருஸ் ஸினாஆ' வெனிஸில் திரிந்து 'ஆர்சனல்' ஆயிற்று. துறைமுகத்தில் ஒரு வணிகனுக்கு எவையெவை தேவையோ அவற்றின் பெயர்களே ஒருசேரக் கடல் கடந்திருப்பதை நோக்குக. இவற்றோடு சரக்குக் கிடங்கின் பெயரும் சென்றது என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, செல்லாதிருந்தால்தான் வியப்பு.

மக்ஸன் என்பதன் பன்மை 'மகாஸின்'. இப்பன்மை வடிவத்தையே ஐரோப்பியர் ஒருமையாகக் கொண்டனர். வரிசையாகப் பல கிடங்குகள் நிற்கும் துறைமுகத்தில் அயலான் காதில் பன்மைச் சொல்லே மிகுதியாக விழுந்திருக்கும் போலும். 13ஆம் நூற்றாண்டிலேயே மார்செய் நகரத்து லத்தீன் ஆவணங்களில் இச்சொல் இடம்பெற்றுவிட்டது. அரபியின் தொண்டையொலி இத்தாலியர் நாவில் 'க' ஆகி 'மகஸ்ஸீனோ' என நின்றது. பிரெஞ்சில் அது 'மகஸான்'.

ஸ்பெயின் நாட்டின் கதை வேறு. அங்கே அரபியர் வணிகராக வந்து சென்றவர்கள் அல்லர். 711ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் அந்நாட்டின் ஏதேனும் ஒரு பகுதியில் முஸ்லிம் ஆட்சி நிலவியது. எனவே ஸ்பானிய மக்கள் அச்சொல்லை 'அல்' என்னும் அரபுச் சுட்டோடு சேர்த்தே கேட்டுப் பழகி, சுட்டையும் சொல்லின் பகுதியாக எண்ணி, 'அல்மஸேன்' ஆக்கிக்கொண்டனர். போர்த்துக்கீசியத்தில் அது 'அர்மஸேம்'. இந்த 'அல்' ஒரு கைரேகை போன்றது. சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டுமன்றி, எத்தகைய உறவின் வழியே வந்தது என்பதற்கும் அது சாட்சி சொல்கிறது. வாணிகத்தில் பெற்ற இத்தாலியச் சொல்லில் சுட்டு இல்லை. அண்டை வீட்டாராய் வாழ்ந்து பெற்ற ஸ்பானியச் சொல்லில் சுட்டு உண்டு.

சென்ற இடமெல்லாம் பொருளும் சற்றே நகர்ந்தது. கிடங்கில் வைத்த சரக்கை அங்கேயே விற்றதனால் பிரெஞ்சில் 'மகஸான்' கடையைக் குறிக்கலாயிற்று. காரைக்காலில் பிரெஞ்சு பயின்ற முதியவரிடம் அச்சொல்லைக் கேட்டால் கடை என்றே பொருள் சொல்வார். ரஷ்ய மொழியிலும் 'மகஸீன்' என்றால் கடைதான். மொராக்கோ நாட்டிலோ வரிப்பொருளைச் சேமித்த மக்ஸன் என்ற பெயர் அரசாங்கத்திற்கே ஆகிவிட்டது. அந்நாட்டு மக்கள் இன்றும் அரசையும் அரண்மனை அதிகாரத்தையும் 'அல்மக்ஸன்' என்று சுட்டுவதுண்டு. பணம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அரசு இருக்கிறது என்பதை மொராக்கோ மக்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்!

ஆங்கிலத்தில் வெடிமருந்தும் வாசிப்பும்

ஆங்கில ஆவணங்களில் இச்சொல் தலைகாட்டுவது 1580களில். தொடக்கத்தில் பொதுவாகச் சரக்குக் கிடங்கையே குறித்தது. விரைவில் படைக்கலமும் வெடிமருந்தும் வைக்கும் கிடங்கு என்ற பொருள் மேலோங்கியது. நம் நாட்டு வரலாறு படித்தோர்க்கு இப்பொருளில் அச்சொல் அறிமுகமானதே. தில்லியில் காஷ்மீரி வாயில் அருகே கும்பெனியாரின் பெரிய வெடிமருந்துக் கிடங்கு இருந்தது. 1857ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் நகருக்குள் புகுந்தபோது, அது அவர்கள் கையில் சிக்காதிருக்க லெப்டினன்ட் வில்லோபி என்பவர் அதனைத் தாமே வெடிக்கச் செய்தார். அதன் வாயில்களின் சிதைவுகள் தில்லித் தலைமை அஞ்சலகத்தின் அருகே சாலை நடுவில் இன்றும் உள்ளன. 'மேகசின்' என்றே அவ்விடம் வரலாற்று நூல்களில் குறிக்கப்படுகிறது.

கிடங்கு சுருங்கிப் பெட்டியானது 19ஆம் நூற்றாண்டில். ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்து இடாமல் அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகள் வந்தபோது, தோட்டாக்களைச் சேமித்துவைக்கும் அறை துப்பாக்கிக்குள்ளேயே தேவைப்பட்டது. அச்சிறு அறைக்குப் பெரிய கிடங்கின் பெயரையே இட்டனர். பிலிம் பெட்டிக்கும் அவ்வழியே பெயர் அமைந்தது. சேமித்துவைத்து வேண்டும்போது ஒவ்வொன்றாக வெளியே தருவது என்பதே இவை அனைத்திற்கும் பொதுவான தன்மை.

நூலுக்கு அப்பெயர் வந்தது எப்படி? ஒரு துறைக்கு வேண்டிய செய்திகள் அனைத்தையும் திரட்டித் தரும் நூலை அறிவுக் கிடங்கு என உருவகிக்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் தோன்றியது. ராபர்ட் வார்டு என்பவர் 1639இல் வெளியிட்ட போர்க்கலை நூலின் நெடிய தலைப்பில் அச்சொல் இடம்பெறுகிறது. சாமுவேல் ஸ்டர்மி 1669இல் மாலுமிகளுக்காக எழுதிய கடற்செலவு நூலுக்கு 'மாலுமியர் மேகசின்' என்றே பெயர். முன்னது போர்வீரர்க்குரியது, பின்னது கடலோடிகளுக்குரியது என்பதை மறக்கலாகாது. கிடங்கு என்ற சொல்லை அன்றாடம் கையாண்ட தொழிலினரின் நூல்களிலேயே இவ்வுருவகம் முதலில் வேர்கொண்டிருக்கிறது.

பின்னர், 1731ஆம் ஆண்டு சனவரியில், லண்டனில் எட்வர்டு கேவ் என்னும் அச்சகத்தார் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்ற மாத வெளியீட்டைத் தொடங்கினார். அக்காலத்தில் லண்டனில் செய்தித்தாள்களும் துண்டு வெளியீடுகளும் ஒருவர் படித்து முடிக்க இயலாத அளவு பெருகியிருந்தன. அவற்றுள் சிறந்தவற்றைத் திங்கள்தோறும் ஓரிடத்தில் சேமித்துத் தருவதே தம் நோக்கம் என்று அவர் அறிவித்தார். பெயருக்கேற்ற பணி. 'சில்வானஸ் அர்பன்' என்பது அவர் பூண்ட புனைபெயர். முன்பாதி காட்டையும் பின்பாதி நகரத்தையும் சுட்டும் லத்தீன் சொற்கள். நாட்டுப்புறத்தார்க்கும் நகரத்தார்க்கும் ஒருங்கே உரிய இதழ் என்பது குறிப்பு. பிற்காலத்தில் பேரகராதி செய்து புகழடைந்த சாமுவேல் ஜான்சன், இளமையில் வறுமையுற்றிருந்தபோது இவ்விதழுக்கு எழுதிப் பிழைத்தார். 1755இல் அவர் வெளியிட்ட அகராதியில் மேகசின் என்ற சொல்லுக்குக் கிடங்கு என்பதையே முதற்பொருளாகத் தந்து, அண்மைக்காலத்தில் பல்சுவை வெளியீட்டையும் குறிக்கலாயிற்று என்று கூறி, அதற்குக் காரணம் கேவின் இதழே என்றும் பதிவு செய்திருக்கிறார். ஒரு சொல்லின் புதுப்பொருள் பிறந்த இடத்தை, அவ்விடத்திலேயே வேலை பார்த்த ஒருவர் அகராதியில் எழுதிவைத்திருப்பது சொல்லாராய்ச்சியில் அரிதாகக் கிடைக்கும் சான்று. அவ்விதழ் 1922 வரை வெளிவந்தது.

கேவின் இதழுடைய முகப்பைப் பற்றி ஒரு செய்தி தமிழ் மாணவர்க்குச் சுவை தரும். ஒரு கை மலர்ச்செண்டு ஒன்றைப் பிடித்திருக்கும் படம் அதில் அச்சிடப்பட்டது. பலவற்றிலிருந்து ஒன்று என்னும் பொருளுடைய லத்தீன் தொடர் அதனோடு சேர்ந்திருந்தது. 1782இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தம் அரச முத்திரையில் பொறித்த தொடரும் அதுவே. நாம் வெளியீட்டை 'இதழ்' என்கிறோம், 'மலர்' என்கிறோம். பெயரளவில் கிடங்காக இருந்த ஆங்கில வெளியீடும் முகப்பில் பூவைத்தான் ஏந்தி நின்றது.

தமிழில் மேகசினும் களஞ்சியமும்

கேவ் தொடங்கிச் சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1831ஆம் ஆண்டு சென்னையில் கிறித்தவ சமயக் கழகத்தார் 'தமிழ் மேகசின்' என்ற வெளியீட்டைக் கொணர்ந்தனர். தமிழின் முதல் இதழாக இதழியல் வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் குறிப்பது இதனையே. தமிழ் இதழியல் தன் முதல் அடியை எடுத்துவைத்தபோதே, தோற்றத்தால் அரபியாகிய ஒரு சொல் ஆங்கில உடையில் அதன் நெற்றியில் இருந்தது என்பது குறிக்கத்தக்கது. அதனைத் தமிழுலகில் யாரும் அரபுச் சொல்லாக அன்று கண்டிருக்க மாட்டார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்குப் பின் நம்மவர் இதழ் நடத்தப் புகுந்தபோது, 1882இல் இலங்கைக் கண்டியில் அறிஞர் சித்திலெப்பை தம் இதழுக்கு 'முஸ்லிம் நேசன்' என்றும், 1887இல் சிங்கப்பூரில் வெளிவந்த இதழுக்கு 'சிங்கை நேசன்' என்றும் பெயர் சூட்டப்பட்டன. இதழைக் கிடங்காகக் காணாமல் நண்பனாகக் கண்ட பெயர்கள் அவை.

மேகசினுக்கு நேரான தமிழ்ச்சொல் எது என்று மாணவர் கேட்பதுண்டு. இதழ், ஏடு, பத்திரிகை, இலங்கையில் மிகுதியாக வழங்கும் சஞ்சிகை எனப் பல உள. இவை இலையையும் தாளையும் அடியாகக் கொண்டோ தொகுப்பைச் சுட்டியோ எழுந்தவை. சேமிக்கும் இடம் என்ற வேர்ப்பொருளுக்கு நேரான சொல் தமிழில் வேறொன்று உண்டு, அது 'களஞ்சியம்'. நெல் முதலிய தானியங்களைச் சேமிக்கும் இடத்தின் பெயர், அறிவைச் சேமிக்கும் நூலுக்கும் ஆகிவிட்டது. பெ. தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்' அச்சொல்லை நிலைநிறுத்தியது. எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் தொகுத்தளித்த 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்' நம் இல்லங்கள் பலவற்றில் இருக்கிறது. ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டில் மேகசின் என்ற சொல்லைக் கொண்டு செய்த உருவகத்தைத் தமிழர் தம் களஞ்சியத்தைக் கொண்டு செய்துகொண்டனர். இங்கே கடன் எதுவும் இல்லை. நெல்லைக் காப்பதும் சொல்லைக் காப்பதும் ஒத்த செயல் என்ற எண்ணம் இருவேறு மக்களிடம் தனித்தனியே எழுந்திருக்கிறது.

அரபியரும் பாரசீகரும் அவ்வெண்ணத்தை இவர்களுக்கெல்லாம் முன்பே பெற்றிருந்தனர். 12ஆம் நூற்றாண்டுப் பாரசீகப் பெருங்கவிஞர் நிஸாமி தம் காவியங்கள் ஐந்தனுள் முதலாவதற்கு 'மக்ஸனுல் அஸ்ரார்' எனப் பெயரிட்டார்; இரகசியங்களின் களஞ்சியம் என்பது பொருள். அம்மரபை உணர்ந்தே, 1901ஆம் ஆண்டு லாகூரில் ஷைகு அப்துல் காதிர் தாம் தொடங்கிய உருது மாத இதழுக்கு 'மக்ஸன்' என்று பெயர் வைத்தார். இளைஞர் இக்பாலின் இமயமலை பற்றிய கவிதை அதன் முதல் வெளியீட்டிலேயே இடம்பெற்றது. அரபியிலிருந்து புறப்பட்டு இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து என்று சுற்றிய சொல் ஆங்கில மேகசினாக லாகூரில் உலவிய நாளில், அதன் மூலவடிவமே ஓர் இதழின் பெயராக அமர்ந்தது. பிரெஞ்சுக்காரரும் இதனையொத்த ஒன்றைச் செய்தனர். தாம் கொடுத்த சொல்லையே ஆங்கிலேயரிடமிருந்து இதழ் என்ற பொருளில் திரும்பப் பெற்று, கடைக்கு ஒரு வடிவமும் இதழுக்கு ஒரு வடிவமுமாக இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கின்றனர்.

இன்றைய அரபியில் மக்ஸன் கிடங்காகவே நிற்கிறது. இதழுக்கு வழங்கும் சொல் 'மஜல்லா'. இரண்டும் 'ம' என்று தொடங்குவதால் மேகசின் மஜல்லாவிலிருந்து வந்தது என்று கருதிவிடக் கூடாது. அதன் வேர் வேறு. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த உரிமையியல் சட்டத்திற்கும் 'மஜல்லா' என்ற பெயருண்டு. நம்மவர் பலர் வாழும் மலேசியாவில் இதழை 'மஜலா' என்பது இதிலிருந்து வந்ததே.

மலாய் மொழியைத் தொட்டபின் இன்னொரு சொல்லைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் கடைவீதிகளில் சரக்கு வைக்கும் இடத்தைக் 'குடோன்' என்கிறோம். ஆங்கிலச் சொல் என்று எண்ணி அதனை ஒதுக்குவாரும் உளர். ஆங்கிலேயர் அதனைக் கீழைக்கடல் வாணிகத்தில், போர்த்துக்கீசியர் வாயிலாக மலாய் மொழியிலிருந்து பெற்றனர். அம்மொழியில் சரக்கறைக்கு 'கூடாங்' என்று பெயர். மலாய்ச் சொல்லின் மூலம் தமிழ்க் 'கிடங்கு', அல்லது அதனோடு உறவுடைய தெலுங்குச் சொல் என்பதே அகராதியாசிரியர் பலர் கொள்ளும் முடிவு. கிடங்கு என்பது நம் பழைய இலக்கியங்களில் அகழியைக் குறித்து நின்ற சொல். குழியில் பொருளை இட்டுக் காத்ததனால் சேமிப்பிடத்திற்கு ஆகியிருக்கிறது. திண்டிவனத்தை அடுத்த கிடங்கில் என்னும் ஊர்ப்பெயரில் அதன் தொன்மை இன்றும் விளங்குகிறது.

சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறிய தமிழ் வணிகர், அவர்களுள் நம் மரக்காயர் முன்னோரும் அடங்குவர், சரக்கோடு சொற்களையும் கொண்டு சென்றனர். அலெக்ஸாந்திரியத் துறையில் மக்ஸன் செய்ததையே மலாக்காத் துறையில் கிடங்கு செய்திருக்கிறது. இரண்டும் ஆங்கிலத்தை வந்தடைந்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். இன்று கோலாலம்பூரில் ஒருவர் சரக்கறையைக் கூடாங் என்னும்போது தமிழ்க் கிடங்கையும், கையிலுள்ள இதழை மஜலா என்னும்போது அரபுச் சொல்லையும் சொல்கிறார். நம் ஊரில் அதே இரண்டையும் குடோன், மேகசின் என்று ஆங்கிலமாக எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.